முழங்காலா, இடுப்பா, கழுத்தா?

கடையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களோடு கொஞ்ச நேரம் பேசச் சொல்லி என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து கிள்ளானுக்குத் தினமும் ரயிலேறி வந்து, இந்தக் கவுண்டருக்குப் பின்னால் நின்றே தலை நரைத்தவள் நான். ஓய்வு பெற்ற அன்று, இனிமேல் மெட்டல் டிடெக்டர் என்ற பேச்சையே எடுக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டுதான் வீட்டுக்குப் போனேன். ஒரு மாதம்கூடத் தாக்குப்பிடிக்க முடியவில்லை. கூப்பிட்டதும் ஓடி வந்துவிட்டேன்.

எந்தப் பட்டனை எப்போது அழுத்துவது என்பதெல்லாம் பெட்டிக்குள் இருக்கும் புத்தகத்தில் இருக்கிறது. அதைப் படித்துக்கொள்ளுங்கள். படிக்காமல் என்னிடம் வந்து கேட்டால் திட்டு வாங்குவீர்கள். நான் பேச வந்தது வேறு விஷயம். கடலில் தேட மெஷின் வேண்டும் என்று ஒருவர் வந்து நிற்கிறார். அலமாரியில் பத்து மெஷின் இருக்கிறது. அவருக்கு எதை எடுத்து நீட்டுகிறோம் என்பதில் சில சமயம் ஒரு மனிதனின் மானமே அடங்கியிருக்கும். மிகைப்படுத்துகிறேன் என்று நினைப்பவர்கள் கடைசிவரை கேளுங்கள்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. நான் கத்தோலிக்கப் பெண். தொலைந்த பொருளைத் தேடித் தரச் சொல்லி எங்கள் ஆட்கள் அந்தோணியாரிடம் மன்றாடுவார்கள். அப்படியிருக்க, தொலைந்ததைத் தேடும் மெஷின் விற்கிற கடையில் எனக்கு வேலை கிடைத்தபோது வீட்டில் சிரிக்காத ஆளில்லை. "அக்கா அந்தோணியாருக்கு அசிஸ்டன்ட்டா போகுது" என்று என் தம்பி கோயில் வாசலில் நின்று எல்லாரிடமும் சொன்னான். கிண்டலுக்குத்தான் சொன்னான். நான் அதைப் பதவியாகவே எடுத்துக்கொண்டேன்.

முதலில் ஒரு சின்னக் கதை. பூச்சோங்கிலிருந்து ஒருவர் வந்து, போர்ட்டிக்சன் கடலில் மோதிரம் தேட மெஷின் கேட்டார். அப்போது என்னோடு வேலை பார்த்தவர், 'வாட்டர்புரூஃப்' என்று பெட்டியில் போட்டிருந்த ஒன்றை எடுத்துக் கொடுத்தார். பெட்டியில் போட்டிருந்தது உண்மைதான். ஆனால் அதில் தண்ணீர் புகாதது தரையைத் தடவும் அடிப்பக்க வட்டு மட்டும். கைப்பிடிக்குப் பக்கத்தில் இருக்கும் பெட்டி, அதாவது மெஷினின் மூளை, ஒரு தூறலைக்கூடத் தாங்காது. அந்த மனிதர் கழுத்தளவு தண்ணீரில் இறங்கிவிட்டார். அடுத்த வாரம் தோளில் ஓர் அரிசி மூட்டையோடு கடைக்குள் வந்தார். கைப்பேசி நனைந்தால் அரிசிக்குள் போட்டு வைப்போமே, அதே வைத்தியத்தை முழு மெஷினுக்கும் பார்த்திருந்தார். மூட்டை வாயிலிருந்து கைப்பிடி மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"அக்கா, அன்னையிலேர்ந்து அரிசிக்குள்ளதான் இருக்கு. இன்னும் முழிக்க மாட்டேங்குது லா."

"உப்புத் தண்ணி குடிச்சுப் படுத்தது அண்ணே. சோறு போட்டு எழுப்ப முடியாது" என்றேன்.

அதற்குப் பிறகு, கடல் என்று சொல்லிக்கொண்டு வருகிற யாரையும் நான் முதலில் கேட்பது ஒரே கேள்விதான். முழங்காலா, இடுப்பா, கழுத்தா? 'வாட்டர்புரூஃப் வேணுமா' என்று கேட்டால் எல்லாரும் தலையாட்டுவார்கள். தண்ணீர் உங்கள் உடம்பில் எதுவரைக்கும் வரும் என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பார்கள். முழங்கால் என்பவருக்கு வட்டு நனைந்தால் போதும். இடுப்பு என்பவர் அலை வந்தால் நெஞ்சுவரை நனைவார், அதனால் பெட்டியும் தண்ணீரைத் தாங்க வேண்டும். கழுத்து என்பவர் எப்படியும் ஒரு தடவை முங்கிப் பார்ப்பார். அவருக்கு மெஷின் முழுக்க அடைப்பாக இருக்க வேண்டும். காதில் மாட்டுவதும் கம்பி வைத்ததாக இருக்க வேண்டும், ஏனென்றால் கம்பியில்லாத சத்தம் தண்ணீருக்குள் வந்து சேராது. இந்தக் கேள்வியைக் கேட்டால் சிலர் வேறு 'தண்ணி'யை நினைத்துச் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் பதில் சொல்வார்கள், கவலைப்படாதீர்கள்.

இனி நான் சொல்ல வந்த கதை.

ஒரு நாள் காலையில் கடை திறந்ததும் ஓர் இளைஞர் உள்ளே வந்தார். வேட்டி, மேலே ஒரு சாதாரணச் சட்டை, நெற்றி நிறைய விபூதி. கிள்ளான் பக்கத்தில் ஒரு முருகன் கோயிலில் குருக்கள் என்றார். தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர். எதையும் வாங்க வந்தவராகத் தெரியவில்லை. கண்ணாடி அலமாரியில் இருந்த மெஷின்களைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"அக்கா, இந்த மெஷின் பொய் சொல்லுமா?"

என் சர்வீஸில் யாரும் கேட்காத கேள்வி அது. உட்காரச் சொல்லி, பக்கத்துக் கடையிலிருந்து ஒரு கிளாஸ் தே வரவழைத்துக் கொடுத்தேன். அவர் குடிக்கவில்லை. கதையைச் சொன்னார்.

அதற்குப் பத்து நாள் முன்பு, மாசி மகத்துக்கு அவர்கள் கோயில் சாமியை மோரிப் கடற்கரைக்கு எடுத்துப் போயிருந்தார்கள். சின்ன உற்சவ விக்கிரகம். குருக்கள் அதைக் கையில் ஏந்திக்கொண்டு கடலில் இறங்கி முக்கி எடுக்க வேண்டும். விக்கிரகத்தின் கையில் ஒரு தங்க வேல், விரல் நீளம்தான் இருக்கும், மெல்லிய தகட்டில் செய்தது. ஒரு குடும்பம் நேர்த்திக்கடனாகச் செய்து போட்டது. முக்கி எடுத்துக் கரைக்கு வந்து பார்த்தால் முருகன் கையில் வேல் இல்லை. மறுநாள் கோயில் நிர்வாகத்தார் எங்கிருந்தோ ஒரு டிடெக்டர் வாங்கி வந்து, தண்ணீர் வற்றிய நேரத்தில், அவர் முக்கி எடுத்த இடம் முழுக்கத் தடவினார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. கடலில் இல்லை என்று மெஷினே சொல்லிவிட்டது என்றார் கோயில் தலைவர். கடலில் இல்லையென்றால் பிறகு எங்கே இருக்கும்? எல்லாரும் குருக்களின் இடுப்பைப் பார்த்தார்கள்.

"அதுவரைக்கும் தலைவர் என்னை சாமின்னுதான் கூப்பிடுவாரு. வாங்க சாமி, சாப்பிட்டீங்களா சாமின்னு. அன்னைக்கு சாயங்காலம் ஆபீஸ் ரூம்ல பேசிட்டிருந்தாங்க, நான் வெளியில நிக்கிறேன். 'அவனை ஊருக்கு அனுப்பிருவோம்'னாரு. அவன்னு சொன்னாரு அக்கா."

மறுநாள் சாயங்காலம் அவருக்கு விமானம். போலீஸுக்குப் போக வேண்டாம், சின்னப் பையன், போய்ப் பிழைத்துக்கொள்ளட்டும் என்று தலைவரே டிக்கெட் போட்டிருந்தார். அதை ஓர் உபகாரமாகத்தான் அவர் செய்திருந்தார் என்பது எனக்குப் புரிந்தது. குருக்களுக்கும் அது புரிந்திருந்தது, அதுதான் கொடுமை.

"திருடன்னு பேரு வாங்கிட்டுப் போனா எந்தக் கருவறையில போய் நிப்பேன் அக்கா? எங்கப்பாவும் குருக்கள்தான். அவரு முகத்துல எப்படி முழிப்பேன்?"

நான் தொழில் கேள்வி கேட்டேன்.

"மெஷின் பொய் சொல்லாது தம்பி. ஆனா எதைச் சொல்ல வேணாம்னு நம்ம அதோட வாயைக் கட்டுறோமோ, அதைச் சொல்லாது. தேடுனப்ப யாராச்சும் ஏதாவது பட்டனை அமுக்குனாங்களா?"

"ஆமா. முதல்ல சும்மா கத்திக்கிட்டே இருந்துச்சு. ஊதுபத்திப் பாக்கெட்டு, பால் டப்பா மூடி, எல்லாம் வெள்ளித்தாளு. ஒருத்தரு வந்து, குப்பைக்கெல்லாம் கத்த விடக் கூடாதுன்னு ஒரு பட்டனை அமுக்குனாரு. அப்புறம் அமைதியாயிருச்சு."

எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. உங்களில் புத்தகம் படித்தவர்களுக்கு ஏன் என்று தெரிந்திருக்கும். மெல்லிய தங்கமும் வெள்ளித்தாளும் மெஷினுக்கு ஏறக்குறைய ஒன்றேதான். ஒன்றை மறைத்தால் மற்றதும் மறைந்துவிடும். நம் ஆட்கள் கடலில் பூஜை செய்த இடத்தில் வெள்ளித்தாள் இல்லாமல் இருக்காது. அந்தச் சத்தம் பொறுக்காமல் பட்டனை அமுக்குவதும் நம் ஆட்கள்தான். அமுக்கிவிட்டு, கடல் அமைதியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறோம்.

சரி, வேல் கடலில் இருக்கலாம். ஆனால் எங்கே? விழுந்த விதத்தைச் செய்து காட்டச் சொன்னேன். அவர் எழுந்து நின்று, இல்லாத விக்கிரகத்தை ஏந்தி, கண்ணை மூடிக் குனிந்தார். பிறகு இரண்டு விரலால் வேலின் உச்சியைத் தொடுவதுபோல் காட்டினார்.

"இங்க என்ன தம்பி?"

"முனையில எலுமிச்சம்பழம் அக்கா. வேல்னா முனையில குத்தி வைக்கிறது வழக்கம்தானே."

இத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள், தேடியிருக்கிறார்கள், சந்தேகப்பட்டிருக்கிறார்கள். ஒருவர்கூட அந்தப் பழத்தை நினைக்கவில்லை. பிறந்ததிலிருந்து வேலைப் பார்த்தால் கூடவே பழத்தையும் பார்த்துப் பழகியவர்கள். நான் சர்ச்சுக்குப் போகிறவள், அதனால் எனக்கு அது புதிதாகத் தெரிந்தது.

நம் கடையில் டைவிங் தெரிந்த சேகரை உங்களுக்குத் தெரியும். அவனை லிட்டில் இந்தியாவுக்கு ஓட விட்டு, பூஜைச் சாமான் கடையில் அதே அளவில் ஒரு பித்தளை வேலும், பூக்கடையில் ஓர் எலுமிச்சம்பழமும் வாங்கி வரச் சொன்னேன். மெஷின்களைச் சோதிக்க நாம் பின்னால் வைத்திருக்கிறோமே, உப்புத் தண்ணீர் வாளி, அதில் வெறும் வேலைப் போட்டேன். நேராகப் போய் அடியில் படுத்துக்கொண்டது. எடுத்து, முனையில் பழத்தைக் குத்திப் போட்டேன். மெதுவாக இறங்கி, அடியைத் தொட்டு, படுக்காமல் நின்றது. பழம் மேலே, வேலின் காம்பு கீழே. சேகர் ஒரு விரலால் தண்ணீரைக் கலக்கினான். வேல் தத்தித் தத்தி வாளியின் மறுபக்கம் போய்ச் சேர்ந்தது.

குருக்கள் வாளியையே பார்த்துக்கொண்டிருந்தார். "நடக்குது அக்கா" என்றார். அப்போதுதான் அந்தத் தேநீரை எடுத்துக் குடித்தார்.

தலைவருக்கு நானே போன் போட்டேன். லோரி கம்பெனி நடத்திக் கை ஓய்ந்த மனிதர், கோயிலுக்காக உழைப்பவர், கெட்டவர் இல்லை. ஆனால் வரும்போதே கோபத்தோடுதான் வந்தார். குருக்களைப் பார்த்ததும் முகம் இன்னும் கறுத்தது.

"இவன் இங்க வந்து உங்க நேரத்தை வேஸ்ட் பண்றானா? மெஷின் வச்சுப் பாத்தாச்சு மா. கோல்டுனு ஸ்கிரீன்ல தெளிவா காட்டுற மெஷின். ஒண்ணும் காட்டல."

நான் வாக்குவாதம் செய்யவில்லை. அதே ரக மெஷினை மர மேசையில் வைத்தேன். என் கழுத்திலிருந்த தங்கச் சிலுவையைக் கழற்றி வைத்தேன், என் தாயார் போட்டது, கனமே இருக்காது. பக்கத்தில் ஒரு சாக்லேட் வெள்ளித்தாள். வட்டை இரண்டின் மேலும் ஆட்டினேன். இரண்டுக்கும் ஒரே சத்தம், திரையில் ஒரே எண். பிறகு அந்தப் பட்டனை அமுக்கினேன். வெள்ளித்தாள் அமைதியானது. சிலுவையின் மேல் ஆட்டினேன். அதுவும் அமைதி.

"மெஷின் கணக்குல என் சிலுவை இப்ப இங்க இல்ல அண்ணே. நம்ம நாலு பேருதான் இருக்கோம். யார் எடுத்தது, நீங்களா?"

தலைவர் என்னை முறைத்தார். பிறகு மேசையிலிருந்த சிலுவையைப் பார்த்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். வாளியையும் காட்டினேன். வேல் நடப்பதை அவர் இரண்டு தடவை கலக்கிப் பார்த்தார்.

"கடல்ல இருக்குன்னு இதுக்கு அர்த்தம் இல்லையே மா" என்றார், ஆனால் குரல் இறங்கியிருந்தது.

"இல்லதான். ஆனா இல்லன்னு சொன்ன சாட்சி இனிமே செல்லாது அண்ணே. நாளைக்குக் காலையில தண்ணி வத்தும். திரும்ப ஏறுற வரைக்கும் எங்களுக்கு டைம் குடுங்க. கிடைக்கலன்னா நீங்க உங்க முடிவுப்படி செய்யுங்க."

ஒத்துக்கொண்டார். இப்போது மெஷின். தம்பிமார்களே, தங்கைமார்களே, இந்த இடத்தைக் கவனமாகக் கேளுங்கள்.

திரையில் 'கோல்டு' என்று எழுத்துக் காட்டும் மெஷினை முதலிலேயே தள்ளிவிட்டேன். ஒரே அலைவரிசையில் ஓடுவது, நனைந்த உப்பு மணலைக் கண்டாலே கூச்சல் போடும். சேகர், பல்ஸ் ரகத்தை எடுக்கலாம் என்றான். உப்புக்கு அசராது, ஆழமாகப் பார்க்கும், நல்ல மெஷின்தான். ஆனால் அது ஆணிக்கும் கத்தும், அம்மனுக்குப் போட்ட சில்லறைக்கும் கத்தும், எது எது என்று பிரித்துச் சொல்லாது. ஒவ்வொன்றையும் தோண்டிப் பார்க்க எங்களிடம் நேரம் இல்லை. ஆழமும் எங்களுக்குத் தேவையில்லை, ஏனென்றால் நடந்து போன வேல் ஆழமாகப் புதைந்திருக்காது. அதனால் பல அலைவரிசையில் ஓடுவதை எடுத்தேன், தலை முதல் கால் வரை அடைப்பானது, கம்பி வைத்த ஹெட்போன். பெரிய வட்டைக் கழற்றிவிட்டுச் சின்ன வட்டு மாட்டினேன். குப்பைக்கு நடுவில் இருக்கும் ஒரு பொருளைச் சின்ன வட்டுதான் தனியாகப் பிடிக்கும். பார்ப்பதற்கு எங்கள் கடையிலேயே அழகில்லாத மெஷின் அது.

"இதுல ஸ்கிரீன் இத்துணூண்டு இருக்கே" என்றார் தலைவர்.

"கலங்கல் தண்ணியில ஸ்கிரீனை மீனா பாக்கப் போகுது அண்ணே? காதுதான் பாக்கணும்."

மறுநாள் காலை மோரிப். தண்ணீர் வெகுதூரம் பின்வாங்கி, சேறு பளபளவென்று கிடந்தது. தூரத்தில் சிலர் குனிந்து லாலாச் சிப்பி பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். குருக்கள் விக்கிரகத்தை முக்கி எடுத்த இடம் கிட்டத்தட்டக் காய்ந்திருந்தது. தலைவர் அங்கேயே போய் நின்றுகொண்டு, மறுபடியும் இங்கிருந்தே ஆரம்பியுங்கள் என்றார். கூட வந்த நிர்வாகத்தாரும் அதையே சொன்னார்கள். நான் குருக்களைத்தான் கேட்டேன்.

"நீங்க முக்குனப்ப தண்ணி ஏறிக்கிட்டு இருந்துச்சா, இறங்கிக்கிட்டா?"

"இறங்கிக்கிட்டு. காலுக்கடியில மண்ணை இழுத்துச்சு."

இறங்கும் தண்ணீரோடு நடந்த வேல் கடல் பக்கம்தான் போயிருக்கும். அந்தப் பக்கத்தில் தண்ணீர் வற்றாத ஓர் ஓடை இருந்தது. சேகர் போய் நின்று பார்த்தான், கழுத்தளவு. நான் இடுப்பளவு வரைக்கும் இறங்கி நின்றுகொண்டேன். அவன் முங்கினான்.

தண்ணீர் பால் கலந்த தே தாரிக் நிறத்தில் இருந்தது. அவன் தலை வெளியே வரும்போதெல்லாம் கை மட்டும் எதையாவது நீட்டும். வெள்ளித்தாள். மறுபடியும் வெள்ளித்தாள். சில்லறைக் காசு. ஒரு குத்துவிளக்கின் திருகு. ஒரு மெட்டி வந்தபோது கரையில் இருந்தவர்கள் ஒரு நொடி எழுந்து நின்றுவிட்டு, பிறகு உட்கார்ந்தார்கள். வாங்கிப் பையில் போட்டுக்கொண்டே இருந்தேன்.

"அக்கா, வெள்ளித்தாளை மட்டும் கட் பண்ணிடட்டுமா? காது போகுது லா."

"காது போனா டாக்டர் இருக்காரு. கட் பண்ணாத."

வெயில் ஏறியது. லாலா பொறுக்கியவர்கள் ஒவ்வொருவராகக் கரைக்குத் திரும்பினார்கள். தண்ணீர் திரும்ப ஆரம்பித்துவிட்டது என்பதற்கு அதைவிட நல்ல அறிகுறி கிடையாது. இடுப்பில் இருந்த தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக என் நெஞ்சுக்கு வந்தது. ஓடையில் பாதிகூடத் தேடி முடிக்கவில்லை. கரையிலிருந்து தலைவர் கையை அசைத்தார்.

"போதும் மா, மேல வாங்க. நீங்க செஞ்சதே பெரிசு."

குருக்கள் சேற்றில் நின்றுகொண்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை. மீதி ஓடையை வரிசையாகத் தேடுவதா, அல்லது ஓர் இடத்தை நம்பி மற்றதை விடுவதா? புத்தகப்படி வரிசை தவறக் கூடாது. ஆனால் இருக்கும் நேரத்தில் வரிசை முடியாது. நான் மெஷினை மறந்துவிட்டுத் தண்ணீரைப் பார்த்தேன். ஓடை வளையும் இடத்தில் பழைய மரக்கட்டைகள் சில நட்டு நின்றன. அவற்றின் காலில் வாடிய செவ்வந்தி மாலைகள், தேங்காய் மூடிகள், வாழை இலைத் துண்டுகள் எல்லாம் ஒதுங்கிக் கிடந்தன. அன்றைக்குக் கடலில் விட்டதெல்லாம் அங்கேதான் போய்ச் சேர்ந்திருந்தது. பழம் குத்திய வேலும் அந்தக் கூட்டத்தோடுதானே போயிருக்கும்.

"சேகர், இதை அப்படியே விடு. கட்டைக்கிட்ட போ."

"வரிசை பாதியில நிக்குதே அக்கா?"

"நிக்கட்டும். போ."

போனான். முங்கினான். ஒரு வெள்ளித்தாள் வந்தது. மறுபடி முங்கினான், இந்த முறை நேரமாயிற்று. என் மோவாய்க்கட்டைவரைக்கும் தண்ணீர் வந்துவிட்டது. அந்தோணியாரே, இது உம்முடைய டிபார்ட்மென்ட், பெயரைக் கெடுத்துவிடாதேயும் என்று வாய்விட்டே சொன்னேன்.

முதலில் கைதான் வெளியே வந்தது. கையில் ஒரு விரல் நீளத்துக்குச் சேறு பூசின ஏதோ. முனையில் கறுத்துச் சுருங்கி, நண்டு கடித்துப் பாதியான ஓர் எலுமிச்சம்பழம்.

சேகர் அதைக் கழுவப் போனான்.

"கழுவாத. பழத்தைத் தொடாத. அப்படியே குடு" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை, அவனுக்கு எப்படிக் கேட்டதோ.

அதை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு கரைக்கு நடந்தேன். குருக்களிடம் போகவில்லை, தலைவரிடம் போனேன். வேல் கிடைத்தால் மட்டும் போதாது என்று எனக்குத் தெரியும். பயந்து போய் நேற்று ராத்திரி கொண்டுவந்து போட்டுவிட்டான் என்று நாளைக்கே யாராவது சொல்வார்கள். ஆனால் முனையில் அழுகிய பழத்தை யாரும் நேற்று ராத்திரி குத்தி வைக்க முடியாது. மாசி மகத்தன்று குருக்கள் குத்திய பழம் அது. விழுந்த நொடியிலிருந்து வேலோடேயே இருந்து அவருக்காகச் சாட்சி சொல்லக் காத்திருந்திருக்கிறது.

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார். பழத்தை முகர்ந்துகூடப் பார்த்தார். பிறகு சேற்றில் கால் புதையப் புதையக் குருக்களிடம் நடந்தார். நான் வேலோடு பின்னால் போனேன்.

"சாமி" என்றார். என் கையிலிருந்த வேலைக் காட்டி, "சாமி, நீங்களே வாங்கிக்குங்க. நான் இதைத் தொடுறதுக்கு லாயக்கில்ல" என்றார்.

குருக்கள் வாங்கினார். சேறும் அழுகலுமாக இருந்ததை அப்படியே கண்ணில் ஒற்றிக்கொண்டார். அப்போதுதான் அழுதார். யாரோ அரோகரா என்றார்கள். நிர்வாகத்தார் எல்லாரும் அரோகரா என்றார்கள். லாலா வாளிகளோடு நின்றவர்கள்கூடச் சிரித்துக் கை தட்டினார்கள். கவனிப்பதற்குள் என் வாயும் அரோகரா என்று சொல்லிவிட்டது, அதுவும் எல்லாரையும்விடச் சத்தமாக. அந்தோணியார் தப்பாக நினைக்க மாட்டார், பாதி வேலை அவருடையதுதானே. தலைவர் அங்கேயே நின்று, நனைந்த விரலால் போனைத் தட்டித் தட்டி, விமான டிக்கெட்டை ரத்து செய்தார். விரல் வழுக்கியதால் குருக்கள்தான் போனைப் பிடித்துக்கொண்டார்.

எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். நனைந்த துணியோடு தலைவரின் லோரியில் உட்கார்ந்து கிள்ளான் வரும்வரை நானும் சேகரும் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தோம். இத்தனை வருடம் நின்றதற்கு அந்த ஒரு காலை போதும் என்று அன்றைக்குத் தோன்றியது. இன்றைக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

அதனால்தான் சொல்கிறேன். மெஷின் கேட்டு வருகிறவரிடம் அதன் அழகைக் காட்டாதீர்கள். எதுவரைக்கும் தண்ணீர், என்ன தொலைந்தது, அது விழுந்தபோது அதோடு வேறு என்ன இருந்தது என்று கேளுங்கள். பதில் அபத்தமாக இருந்தாலும் கேட்டுக்கொள்ளுங்கள். சத்தம் தாங்கவில்லை என்று அவசரப்பட்டு எதையும் அமைதியாக்காதீர்கள். அந்த அமைதியை நம்பி ஒரு நல்ல மனிதரைத் திருடர் என்று ஊரே பேசியிருக்கிறது. மற்றதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது.

அடுத்த மாசி மகத்துக்கு என்னையும் சேகரையும் கூப்பிட்டிருந்தார்கள். போனோம். அதே கடற்கரை, அதே குருக்கள். முருகன் கையில் வேல், இந்த முறை சிவப்புக் கயிறு போட்டு மணிக்கட்டோடு கட்டியிருந்தது. முனையில் புதிதாக ஓர் எலுமிச்சம்பழம். குருக்கள் விக்கிரகத்தை ஏந்திக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். கரையில் நின்ற தலைவருக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"சாமி, முழங்கால் வரைக்கும் போதும் சாமி."

குருக்கள் திரும்பிப் பார்த்தார். தலைவரைப் பார்க்கவில்லை, கூட்டத்தில் என்னைத் தேடிப் பார்த்தார். சிரித்தார். பிறகு கடல் பக்கம் திரும்பி, இடுப்பையும் தாண்டி, கழுத்தளவுக்கு நடந்து போய்த்தான் முங்கினார்.